ட்ரான்ஸ்பார்மர் பக்கத்துல மட்டும்

அந்தச் சேருல உக்காராதீங்க தம்பி, அதுக்கு ஒரு காலு ஆடுது. போன தடவை நான் வந்தப்பவும் இதே மாதிரித்தான் ஆடிச்சு. இக்கட்ட, இந்தச் சேருக்கு வாங்க, இது தேவலை. ஏசிக்காத்தும் நேரா வரும்.

டோக்கன் வாங்கிட்டீங்களா? சரி, எனக்கப்புறம்தான் நீங்க. அந்தப் புள்ள ஒருத்திதான் கவுண்ட்டர்ல அத்தனை பேரையும் பார்க்குது, பாவம். சித்த நேரமாகும். உங்களுக்கு என்னங்க, போனா? கண்ணாடி விட்டுப்போச்சா? அட, அது ஒரு வேலையே இல்லீங்க. ஒடஞ்சது கண்ணுக்குத் தெரியுதில்லீங்களா, அவங்களும் ஒத்துக்குவாங்க, நாமளும் காசைக் குடுத்துட்டுப் போயிட்டே இருக்கலாம். என்ற கேஸ் அப்படி இல்லைங்க. என்ற வாட்சு பார்க்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். டைம் கரெக்டா காட்டும், தேதி காட்டும், மழை வருமான்னுகூடச் சொல்லும். ஆனா என்ற நெஞ்சைப் பத்தி மட்டும் பொய் சொல்லுதுங்க.

சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

என்ற பேரு ஆறுச்சாமி. சிங்காநல்லூர்ல கிரைண்டர் ஸ்பேர் கடை. கல்லு, பெல்ட்டு, ட்ரம்மு எல்லாம் கிடைக்கும். உங்க வீட்டுல கிரைண்டர் கத்துச்சுன்னா நேரா வாங்க, நான் பார்த்துக்கறேன். அம்பது தாண்டி நாலு வருசமாச்சு. பார்த்தா தெரியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எல்லாம் ஓடறதுனாலதான். டாக்டரு சக்கரை எட்டிப்பார்க்குதுன்னு சொன்ன அன்னைக்கு ஷூ வாங்கினவன், இன்னும் நிறுத்தலை.

குளக்கரையில எங்க குரூப்புக்கு ஹேமா மேடம்னு ஒரு கோச்சு. முன்ன ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருந்தவங்க. எங்களையெல்லாம் அண்ணாம்பாங்க, ஆனா திட்டறப்ப நாமெல்லாம் ஆறாங்கிளாஸுதான். அவங்க ஒரு முறை வெச்சிருக்காங்க. உனக்கு ரெண்டு சாட்சி இருக்குது, ஒண்ணு மணிக்கட்டுல, ஒண்ணு உள்ளுக்குள்ள, ரெண்டையும் விசாரிச்சுட்டுத்தான் தீர்ப்புச் சொல்லோணும்பாங்க. மணிக்கட்டுல இருக்கறது வாட்சு. இதயம் நிமிசத்துக்கு எத்தனை அடிக்குதுன்னு சொல்லிரும். உள்ளுக்குள்ள இருக்கறது நம்ம உணக்கை, நமக்கே தெரியற உணர்வு. ஓடி முடிச்சு நின்னதும், வாட்சைப் பார்க்கறதுக்கு முன்னாடியே சொல்லிரோணும், பத்துக்கு எத்தனை கஷ்டமா இருந்துச்சுன்னு. ஒண்ணுன்னா ஈஸிசேர்ல சாஞ்சிருக்கற மாதிரி. பத்துன்னா நாய் தொரத்தற மாதிரி. வாட்சைப் பார்த்துட்டுச் சொன்னா அது களவாணித்தனம், கிரவுண்டை ஒரு ரவுண்டு எச்சா ஓடோணும்.

ரெண்டு சாட்சியும் ஒண்ணா பேசுச்சுன்னா பிரச்சினையில்லை. வாட்சு கம்மியா காட்டி, உடம்பு மட்டும் முடியலை முடியலைன்னு கத்துச்சுன்னா, களைப்பு சேர்ந்துபோச்சு, போய்ப் படுங்கம்பாங்க. உடம்பு சுகமா இருந்து வாட்சு மட்டும் ஏறுச்சுன்னா, ஏன்னு கேக்கோணும். வெயிலா, ராத்திரி தூங்கலையா, காப்பி எச்சா குடிச்சீங்களா, காய்ச்சல் வரப்போகுதா, இப்படி வரிசையாச் சொல்வாங்க. கடைசியா மனசைப் பத்தியும் ஏதோ சொன்னாங்க, அப்ப நான் குனிஞ்சு லேஸ் கட்டிட்டிருந்தேன். அதெல்லாம் நமக்கு எதுக்குங்க, நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கற ஆளே இல்லை.

இன்னொரு டெஸ்ட்டும் உண்டுங்க. பேசிட்டே ஓட முடிஞ்சா அது லேசான ஓட்டம், வாக்கியத்தை முடிக்க முடியாம மூச்சு வாங்குனா கனமான ஓட்டம். அதை மட்டும் எனக்கு வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. ஆறுச்சாமிண்ணா, நீங்க ஆம்புலன்ஸ்ல போனாலும் பேசிட்டேதான் போவீங்க, உங்களுக்கு இந்த டெஸ்ட்டு ஒத்துவராதுன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாங்க. நான் அப்படியென்ன பேசறேன்? கேட்டா பதில் சொல்வேன், அவ்வளவுதான்.

நீங்க கேக்கலையா? சரி, சொல்லிர்றேன்.

வெடியால அஞ்சே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புவேன். ரயில்வே மேம்பாலம் ஏறுவேன், அங்க நல்லா இழுக்கும். உள்ளுக்குள்ள கேட்டா ஏழும்பேன், வாட்சு நூத்தி அம்பதுங்கும். ரெண்டும் ஒத்துப்போகுது. எறங்கறப்ப நாலு, நூத்தி முப்பது. சரி. அப்பறம் ஒரு தெரு வரும். சமதரை. ரெண்டு பக்கமும் புங்க மரம். நெழலு, காத்து. உள்ளுக்குள்ள கேட்டா மூணு. மூணுகூட இல்லைங்க, ரெண்டரை. இந்த வாட்சைப் பார்த்தா நூத்தி அறுபத்தெட்டு! தெரு முனையில ஏற ஆரம்பிக்கும், நடுவுல உச்சிக்குப் போகும், அந்த முனையைத் தாண்டுனா தன்னால எறங்கிரும். ஒருநாள் ரெண்டுநாள் இல்லை. வெயில்லயும் அப்படித்தான், மழைத்தூத்தல்லயும் அப்படித்தான்.

காப்பியை நிறுத்திப் பார்த்தேன். ஏறுச்சு. ஒன்பது மணிக்கே படுத்துத் தூங்குனேன். ஏறுச்சு. பட்டையை இறுக்கிக் கட்டுனேன், கைமுடியைக்கூட சிரைச்சேன், ஏறுச்சு. என்ற ஊட்டுக்காரி வசந்தாமணி பார்த்துட்டு, ஏனுங்க கல்யாணத்துக்கா ரெடியாகறீங்கன்னு கேட்டுட்டுப் போனா.

அப்பறம்தான் கண்டுபிடிச்சேன். அந்தத் தெரு நடுவுல ஒரு ட்ரான்ஸ்பார்மர் இருக்குதுங்க. பெருசு. உய்யுன்னு சத்தம் வேற. அதுக்கு நேர் கீழ வர்றப்பதான் நூத்தி அறுபத்தெட்டு. கரண்டு வாட்சைக் கெடுக்குது, வேற என்னங்க? ஈபிக்காரங்ககிட்ட மனு எழுதிக் குடுத்தேன். நல்ல மனுசங்க, லைன்மேனை அனுப்பிப் பார்த்தாங்க. அவரு மேல ஏறி எறங்கி, ட்ரான்ஸ்பார்மர் நல்லாத்தான் இருக்குதுங்க, நீங்க எதுக்கும் உடம்பைக் காட்டிக்கங்கன்னுட்டாரு. மெசினைப் பார்க்க வந்தவரு மனுசனைப் பார்த்துட்டுப் போயிட்டாரு.

உடம்பையும் காட்டினேன். ஈசிஜி எடுத்து, அந்த பெல்ட்டு மேல ஓடவிட்டு, எக்கோவும் பார்த்துட்டு, டாக்டரு காளைமாட்டு நெஞ்சு உங்களுக்குன்னாரு. அப்ப கோளாறு வாட்சுலதானே? இதை ஹேமா மேடத்துகிட்டச் சொன்னா, அண்ணா, நெஞ்சும் நல்லாருக்குது, ட்ரான்ஸ்பார்மரும் நல்லாருக்குது, அந்தத் தெருவுல வேற என்ன இருக்குதுன்னு கேட்டாங்க.

வேற என்னங்க இருக்குது? வீடுங்கதான் இருக்குது. பிள்ளையார் கோயில் ஒண்ணு. ஒரு பேக்கரி. ட்ரான்ஸ்பார்மருக்கு நேர் எதிர்ல நாச்சிமுத்து வீடு.

நாச்சிமுத்துன்னா, அவன் ஒருத்தன். மோட்டார் காயில் கட்டறவன். பட்டறை என்ற கடைக்குப் பின்னாலதான். முன்ன நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஓடுவோம். இந்த வாட்சுகூட ரெண்டு பேரும் ஒரே நாள்ல வாங்குனதுதான், ஜோடியா வாங்குனா குறைச்சுத் தர்றேன்னாங்க. அதெல்லாம் பழைய கதைங்க. இப்ப பேச்சுவார்த்தை இல்லை.

எனக்கு அவன் மேல கோவமெல்லாம் ஒண்ணும் கிடையாது. சொன்னா நம்போணும். நடந்ததைச் சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

போன டிசம்பர்ல ரேஸு. இருபத்தோரு கிலோமீட்டரு. ஒரு வருசமா நாங்க ரெண்டு பேரும் அதுக்காகத்தான் ஓடுனோம். கையைக் கோத்துட்டு ஒண்ணா கோட்டைத் தாண்டறதுன்னு பேச்சு. அவன் சம்சாரம் பூங்கொடியும் என்ற ஊட்டுக்காரியும் அந்தப் போட்டோ எடுக்கறதுக்குன்னே முடியற எடத்துல போய் நின்னுட்டாங்க. எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசி ஒரு கிலோமீட்டர்ல எனக்கு வாட்சு நூத்தி எம்பதைத் தாண்டிருச்சு. உள்ளுக்குள்ள கேட்டா ஒன்பதரை. நாய் கிட்டத்துல வந்துருச்சுங்க. ரெண்டு சாட்சியும் ஒரே மாதிரிச் சொன்னா மீறக்கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க. சரின்னு நடக்க ஆரம்பிச்சேன்.

அவனும் நின்னான். என்னடா ஆச்சுன்னான். ஒண்ணுமில்ல, நீ போன்னேன். அட வாடா, மெதுவா சேர்ந்தே போலாம்னான். இல்ல நாச்சி, நீ போன்னேன்.

போயிட்டானுங்க!

நீங்களே சொல்லுங்க. நீ போன்னா, போயிடறதா? ஒறம்பரை, சொந்தக்காரங்க வீட்டுக்குச் சாப்பிடப் போறோம். போதும்னு எலைக்கு மேல கையை வெக்கறோம். அதுக்குன்னு கரண்டியை எடுத்துட்டு உள்ளே போயிடறாங்களா? கையை வெலக்கிட்டு இன்னும் ஒரு கரண்டி வெக்கோணும். அதுதானுங்க மரியாதை. மூணு தடவை வற்புறுத்தோணும். நாமளும் மூணு தடவை வேண்டாங்கோணும். அப்பறம் வாங்கிக்கோணும். நம்ம ஊர்ல சின்னக் கொழந்தைக்குக்கூட இது தெரியும். இவன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். ரெண்டாவது தடவை நான் போன்னதும் என்ற மூஞ்சியைப் பார்த்தான், முன்னால ரோட்டைப் பார்த்தான், திரும்ப என்ற மூஞ்சியைப் பார்த்தான், ஓடிட்டான். இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாடான்னிருந்தா நான் நாயையும் சேர்த்து இழுத்துட்டு ஓடியிருப்பேன்.

அதோட விட்டானா? போய்ச் சேர்ந்ததும் மெடலைக் கழுத்துல போட்டுட்டு ஒரு போட்டோ. குரூப்புல போடறான், நான் வந்துட்டேன், ஆறுச்சாமி பின்னால வந்துட்டிருக்கான்னு. பின்னால! எழுவது பேரு இருக்கற குரூப்புங்க. அதுக்குக் கீழ வரிசையாச் சிரிக்கற மூஞ்சியா வந்து விழுகுது. வசந்தாமணி சொல்றா, ஏனுங்க, உங்களைக் காணமேன்னு எல்லாரும் கேட்டாங்க, பயந்துக்க வேண்டாம்னு போட்டிருப்பாருங்கறா. அவளுக்கு யாரைப் பார்த்தாலும் நல்லவங்கதான்.

அன்னைக்கு நிறுத்துனதுதான் பேச்சு. மூணு தடவை போன் அடிச்சான், நான் எடுக்கலை. அப்பறம் அவனும் விட்டுட்டான். மூணு தடவை எடுக்கலைன்னா நாலாவது தடவை அடிக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்களா? பாருங்க, அவன் குணமே அதுதான், பாதியில விட்டுட்டுப் போறது.

ஆனா இதுக்கும் வாட்சுக்கும் சம்பந்தம் இல்லைங்க. நீங்க வீடு எதிர்ல இருக்குதேன்னு நினைக்கறது தெரியுது. மேடமும் அப்படித்தான் பார்த்தாங்க. நான் பரிசோதனை பண்ணியே நிரூபிச்சுட்டேன். வசந்தாமணி கையில வாட்சைக் கட்டிவிட்டு, நீ அந்தத் தெரு வழியா வேகமா நடந்துட்டு வான்னு அனுப்பினேன். ட்ரான்ஸ்பார்மர் கெடுக்குதுன்னா அவளுக்கும் ஏறோணுமில்லீங்களா? போனவ போனவதான். ஒரு மணி நேரம் ஆளையே காணோம். பூங்கொடி கூப்பிட்டுக் காப்பி குடுத்தாளாம், உக்காந்து பேசிட்டு வந்திருக்கறா. பொம்பளைங்களுக்குள்ள அதெல்லாம் நடக்குதுங்க, எங்களுக்குள்ளதான் இல்லை. வாங்கிப் பார்த்தா, அந்தத் தெருவுல தொண்ணூறுதான். சமமா கோடு போட்ட மாதிரி. அப்பறம் கடைசியில ஒரு எடத்துல மட்டும் சடார்னு ஏறியிருக்குது. இது எங்கடின்னு கேட்டா, வீட்டுக்குள்ள வந்து நீங்க பேச ஆரம்பிச்சப்பங்கறா. லொள்ளு.

அவ அன்னைக்கு இன்னொண்ணும் சொன்னா. நாச்சிக்குக் கணுக்கால் பிசகிப்போச்சாம். பட்டறைப் படியில எறங்கறப்ப. கட்டுப் போட்டு வீட்டோட இருக்கறானாம், ஓட்டம் கிடையாதாம், டிசம்பர் ரேஸும் அவ்வளவுதானாம். போய் ஒரு எட்டுப் பார்த்துட்டு வாங்கன்னா. நான் எதுக்குங்க போறேன்? பின்னால வர்ற ஆளு நானு, மெதுவாத்தான் வருவேன்.

ஆனா வெடியால அந்த வழியாப் போறப்ப கண்ணுல படத்தானே செய்யும்? கேட்டுக்கு உள்ளே சேரைப் போட்டு உக்காந்திருக்கறான். இன்னொரு சேர்ல காலைத் தூக்கி வெச்சுட்டு, பேப்பரை விரிச்சு மூஞ்சிக்கு நேராப் பிடிச்சுட்டு. கேட்டுக்குப் பக்கத்துல காம்பவுண்டுச் சொவத்து மேல ஒரு டம்ளர் தண்ணி இருக்கும், மேல தட்டு மூடி. தினமும். ஊருக்கே தண்ணி குடுக்கற தர்மவான்னு காட்டிக்கறதுக்குங்க. ஊருக்குக் குடுக்கறவன் ஒரே ஒரு டம்ளரா வெப்பான்? அந்நேரத்துக்கு அந்தத் தெருவுல என்னை விட்டா ஓடறதுக்கு ஆளே கிடையாது. யாருக்கு வெக்கறான்னே தெரியலை. நான் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. எவர்சில்வர் டம்ளர், விளிம்புல ஒரு சொட்டை இருக்கும், நாங்க ரெண்டு பேரும் ஓடிட்டு வந்து குடிக்கற டம்ளர்தான் அது.

வேற வழியில போகலாமேன்னு மேடமும் சொன்னாங்க. ஏனுங்க போகோணும்? கார்ப்பரேசன் ரோடு அது, அவன் அப்பன் போட்டதா? பார்க்கப்போனா குளக்கரைக்கு அந்தத் தெரு கொஞ்சம் சுத்துதான். பாலம் எறங்குனா நேராப் போறதுதான் பக்கம். நான் இடது பக்கம் திரும்பி, ஒரு கிலோமீட்டரு எச்சா சுத்திட்டு வர்றேன். நெழலுக்காகத்தான்.

இப்ப என்ன பிரச்சினைன்னா, மேடம் கறாராச் சொல்லிட்டாங்க. உள்ளுக்குள்ள மூணு, வாட்சுல நூத்தி அறுபத்தெட்டுன்னா எனக்கு ஒப்பலை. காரணம் என்னன்னு நீங்க வந்து சொல்ற வரைக்கும் லாங் ரன் கிடையாது, டிசம்பர் ரேஸுக்குப் பேரும் குடுக்கறதில்லைன்னுட்டாங்க. பேரு குடுக்க இந்த வாரம்தான் கடைசி. போன வருசம் நடந்தே முடிச்சவன்னு ஊர்ல பேரு. இந்த வருசமாச்சும் ஓடி முடிக்கலைன்னா அந்தப் போட்டோவுக்குக் கீழ நான் ஆயுசுக்கும் பின்னாலயேதான் வந்துட்டிருப்பேன். அதனாலதான் வாட்சை இங்க குடுத்துட்டுப் போனேன். கோளாறுன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டாங்கன்னா போதும், மேடத்துகிட்டக் காட்டிரலாம். தம்பி, நீங்க வேண்டிக்கங்க, வாட்சு கெட்டிருக்கோணும்னு.

என்ற நம்பரு! கூப்பிட்டாச்சு. இந்தப் பையைச் சித்தப் பார்த்துக்கங்க, உள்ளே வரமொளகாதான் இருக்குது. வந்தர்றேன்.

...

பை இருக்குதுங்களா. நன்றிங்க.

சித்தத் தண்ணி இருக்குதுங்களா? குடுங்க, தூக்கிக் குடிச்சுக்கறேன்.

வாட்சுல கோளாறு இல்லையாம். என்ற கையிலயும் கட்டி, அந்தப் புள்ள கையிலயும் கட்டி, வெரலுக்கு ஒரு கிளிப்பையும் மாட்டிப் பார்த்துருச்சு. எல்லாம் ஒரே நம்பரு. நல்ல வாட்சு சார், நம்பி ஓடலாம்னுச்சு. நான் விடலை. அம்மிணி, நீ சின்னப்புள்ள, அந்தத் தெருவுல ட்ரான்ஸ்பார்மர் இருக்குது, அது உனக்குத் தெரியாதுன்னு ஆரம்பிச்சேன். தெருப் பேரைச் சொன்னதும் அந்தப் புள்ள நிமிர்ந்து பார்த்துச்சுங்க. அந்தத் தெருவா சார், போன வாரம் அங்கேருந்து இன்னொருத்தர் வந்தாரே, இதே வாட்சு, இதே கம்ப்ளெயிண்டுன்னுச்சு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! பார்த்தியா அம்மிணி, நான் சொல்லலை, அப்ப ட்ரான்ஸ்பார்மர்தான்னேன்.

இல்லைங்க சார், அவரு ஓடவே இல்லை, கால்ல கட்டு, ஆட்டோவுல வந்து கட்டையை ஊனிட்டு மேல ஏறி வந்தாருங்குது. வெடியால கேட்டுக்குள்ள சேர்ல உக்காந்திருப்பாராம். சும்மா பேப்பர் படிச்சுட்டு. ஆறேகால் மணிக்கு ஒரு ரெண்டு நிமிசம் மட்டும் நூத்தி இருபதுக்குப் போகுதாம். ஆறேகாலுக்கு முன்னாலயும் இல்லை, பின்னாலயும் இல்லை. ஞாயித்துக்கெழமை இல்லையாம்.

ஞாயித்துக்கெழமை நான் அந்தப் பக்கம் போறதில்லைங்க. குரூப்போட போயிருவேன்.

அவரு ஒரு சந்தேகம் கேட்டாரு சார்னு அந்தப் புள்ள சிரிச்சுச்சு. ஒருத்தன் இதே மாதிரி வாட்சைக் கட்டிட்டு என்ற வீட்டு வழியா ஓடறான், ரெண்டும் ஜோடியா வாங்குனது, அவன் கிட்டத்துல வர்றப்ப அவன் நெஞ்சோட நம்பரு என்ற வாட்சுக்கு வந்துருமா அம்மிணின்னு கேட்டாராம். அப்படியெல்லாம் வராது சார்னு இது சொல்லியிருக்குது. அவரு நம்பலையாம். மோட்டாரு கட்டறவனுங்க, ஒரு கம்பியில இருக்கற கரண்டு பக்கத்துக் கம்பிக்கும் வரும்னு அவன் புத்தி போகும். மடையன்.

அப்பறம் என்ன கேட்டானாம் தெரியுங்களா? அம்மிணி, தூரத்துல உக்காந்திருக்கற எனக்கே நூத்தி இருபது வருதுன்னா, ஓடறவனுக்கு உள்ளே எவ்வளவு இருக்கும்? அம்பத்திநாலு வயசு, சக்கரை வேற எட்டிப்பார்க்குது, இது ஆபத்தா, யாராச்சும் அவன்கிட்டச் சொல்லோணுமில்ல, நான் சொன்னா கேக்கமாட்டானேன்னு. அவரோட வாட்சைப் பத்திக் கேட்டதைவிட அந்த ஓடறவரைப் பத்தித்தான் சார் எச்சாக் கேட்டாருன்னுச்சு அந்தப் புள்ள. போறப்ப படியில நின்னு திரும்பவும் கேட்டாராம், தண்ணி குடிச்சா நம்பரு கொஞ்சம் எறங்குமான்னு.

...

ஒண்ணுமில்லைங்க. கண்ணுல ஏசிக்காத்து.

சரி, நான் யோசிச்சுட்டேன். ரெண்டு வாட்சுலயும் கோளாறு இல்லை. ரெண்டு வாட்சும் அந்த எடத்துலதான் ஏறுது. அப்ப ட்ரான்ஸ்பார்மரேதான், சந்தேகமே இல்லை. நான் ஒருத்தன் மனுக் குடுத்ததுனாலதான் சும்மா இருந்துட்டாங்க. ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா பதில் சொல்லித்தானே ஆகோணும்? அதுவும் நேர் எதிர்வீட்டுக்காரன், காயில் கட்டறவன், அவன் சொன்னா எடுபடும். நட்பு கிட்பு அதெல்லாம் இல்லைங்க, இது பொதுக்காரியம். நேர்ல போய்த்தான் கையெழுத்து வாங்கோணும். சொல்லாம போறது மரியாதையில்லை. இருங்க, ஒரு போன் அடிச்சுக்கறேன்.

ரிங்கு போகுது. ரெண்டு. மூணு. எடுக்கமாட்டான் பாருங்க. நான் அன்னைக்கு எடுக்கலையில்ல, அதை மனசுல வெச்சிருப்...

டேய், நான்தான்டா. ஆமா, ஆறுச்சாமிதான். என்ன, ஹலோ ஹலோங்கற, காது கேக்கலையா? ட்ரான்ஸ்பார்மர் விசயமாடா. ஆமா, உன்ற வீட்டு எதிர்ல இருக்கறதுதான். ஒரு கையெழுத்து வேணும். சாயங்காலம் வர்றேன். என்ன? காலு கெடக்குது, எந்திரிச்சு நிக்காதே, வந்து பார்க்கத்தான் போறேன். வேண்டாமா? எதுக்கு வேண்டாம்? எனக்கென்னடா சிரமம். வர்றேன். அட, வேண்டாம்னா விட்டுருவனா, நான் என்ன உன்னை மாதிரியா? வர்றேன்டா. பூங்கொடியை ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொல்லு. பணியாரமா? வேண்டாம் வேண்டாம். சரி, காரப் பணியாரம்னா ரெண்டு. வெச்சுர்றேன்.

கேட்டீங்களா தம்பி? அவன் மூணு தடவை வேண்டாம்னான். நான் மூணு தடவை வர்றேன்னேன். இப்படித்தானுங்க பண்ணோணும். இது அன்னைக்கே அவனுக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு வருசம் மிச்சமாகியிருக்கும்.

அந்தச் சொவத்து மேல இருக்கற தண்ணியையும் நாளைக்கு வெடியால ஒரு வாய் குடிச்சுப் பார்க்கறேன். அதுலயும் கரண்டு எறங்கியிருக்குதான்னு பார்க்கத்தான்.

உங்களைக் கூப்பிடறாங்க தம்பி, போங்க. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், இந்த வாட்சைக் கட்டிக்கறேன், நீங்களும் சாட்சிக்கு ஒரு தடவை பார்த்துட்டுப் போயிருங்க. நான் இப்ப ஓடறனா? இல்லை. சேர்ல உக்காந்திருக்கறேன். மேல ஏசி. உள்ளுக்குள்ள கேட்டா பத்துக்கு ஒண்ணு, ஈஸிசேர் கணக்கு. இப்ப நம்பரைப் படிங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை, நீங்களே படிங்க.

நூத்தி நாப்பதா?

ஏனுங்க தம்பி, நீங்க படியேறி வர்றப்ப பார்த்தீங்களா, இந்தக் கட்டடத்துக்குப் பக்கத்துல எங்காச்சும் ட்ரான்ஸ்பார்மர் இருக்குதுங்களா?